ஒரு டின் குளிர்

பூங்கொத்துக் கடையில் அவளை எல்லோரும் ஃபிரிட்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் இருந்த குளிர் அறை இருபத்தேழு வருஷமாக அவளுடைய ராஜ்ஜியம். வெளியே தார் உருகும் வெயில் அடிக்கும்போது அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். ரோஜாக் காம்புகளைச் சாய்வாக வெட்டி வாளியில் நிறுத்துவாள். லில்லி மொட்டுகள் அவசரப்பட்டு விழித்துவிடாதபடி இருட்டு மூலையில் தூங்க வைப்பாள். வாயைத் திறந்தால் புகை வரும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கோடைக்கும் பனிக்கும் நடுவே நடந்து நடந்து, அவளுக்கு எப்போதும் பாதிக் கனவில் இருக்கிற ஒரு முகம் வந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "என்னம்மா, இறங்க வேண்டிய இடம் தாண்டிடுச்சா?" என்று கேட்பார்கள்.

அந்த அறைக்கு இரண்டே சட்டங்கள். கதவு திறந்து கிடக்கக் கூடாது. காற்று பலமாக வீசக் கூடாது, வீசினால் இதழின் ஓரம் கருகிவிடும். இரண்டு கையிலும் வாளியோடு வருகிறவள் கதவை எதனால் மூடுவாள்? இடுப்பால்தான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பீரோவோ, சமையலறை அலமாரியோ, எது திறந்திருந்தாலும் அவள் கடந்து போனால் மூடியிருக்கும். மூடியது அவளுக்கே தெரியாது. "உங்கம்மா இடுப்புல ஸ்பிரிங் வச்சுத் தச்சிருக்காங்க" என்று கணவர் மகளிடம் கேலி செய்வார்.

கணவர் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ஓட்டினார். தெருவில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் சந்தித்ததும் அந்தக் குளிர் அறை வாசலில்தான். யாரோ ஒரு பயணி கேட்ட பூங்கொத்தை வாங்க வந்தவர், "வெயில்ல ஓட்டி ஓட்டி மண்டை காயுதுங்க. ரெண்டு நிமிஷம் இங்க நின்னுட்டுப் போறேன்" என்றார். மறுநாளும் வந்தார், பயணி இல்லாமல். அதற்கடுத்த நாள் தலையில் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து வந்தார். கடை முதலாளியம்மா அவளிடம், "அந்த ஆளுக்கு மண்டை காயலைடி, மனசு காயுது" என்று சொன்னபோது அவள் வாளித் தண்ணீரையெல்லாம் தரையில் கொட்டிவிட்டாள்.

அந்த மனிதர்தான் எட்டு மாதத்துக்கு முன்பு, டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. உயிர் மட்டும் என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது.

"அவருக்கு எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

அவளும் பேசினாள். கடையில் நடந்ததை, தெருவில் நடந்ததை, நடக்காததைக்கூடக் கதை கட்டிச் சொன்னாள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கணைத்த வீடு மாதிரி இருந்தன அந்தக் கண்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா, காலி செய்துகொண்டு போய்விட்டாரா என்று தெரியாமல் அவள் தினமும் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். கனவில் மட்டும் அவர் பேசினார். ஒரு நாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு நாள் தண்ணீர் கேட்டார். கேட்டதும் எழுந்து ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்து, கையில் சொம்போடு நின்ற பிறகுதான் அவள் விழித்தாள்.

நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு பயிற்சி மருத்துவமனை இருந்தது. விழுந்தவர்களை நடக்க வைக்கிற இடம், பேச வைக்கிற இடம். அங்கே படுக்கைக்காக ஏழு மாதமாகக் காத்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் அங்கிருந்து போன் வந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்கம்மா. வரலேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் மறுபடியும் ஆறு மாசம் ஆகும்."

ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வருஷம் தாண்டிவிடும். வருஷம் தாண்டினால் பேச்சு திரும்புவது ரொம்பக் கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

போவதற்கு என்ன தடை என்று கேட்கலாம். வெயில்தான் தடை. அவருடைய காரில் ஏசி வேலை செய்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு அரை மணி தூரத்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் அவள் ஓட்டிக்கொண்டு போனபோதே அவர் வழியில் மயங்கிவிட்டார். "இனிமே இவரைச் சூட்டுல கொண்டு போகாதீங்க, ஆபத்து" என்று எச்சரித்து அனுப்பினார்கள். சரி, ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றால், அவர் இடது கையால் அதன் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பக்கத்து வீட்டுக் காரிலும் அதே கதை. முப்பது வருஷம் ஊரையே ஏற்றிக்கொண்டு போன மனிதர், மற்றவன் வண்டியில் மூட்டையாக ஏற மறுத்தார். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவருடைய சொந்தக் காரில் மட்டும் தடை சொல்லாமல் உட்காருவார்.

வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லை. கேட்டுப் பார்த்த வேறு இரண்டு மெக்கானிக்குகளும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மத்தியானம் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் நின்றாள்.

"ஏசி கேஸ் டின் இருக்குங்களா? நாமே ஏத்திக்கலாம்னு சொன்னாங்க."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏத்திக்கலாம்தான். இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க. பூவுக்குத் தண்ணி மாத்தியிருக்கேன்."

"அப்போ பாதி கத்துக்கிட்ட மாதிரிதான்" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டின்னையும், வட்ட மீட்டர் வைத்த டியூபையும் மேஜையில் வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "இந்த முனையைத் தடிச்ச பைப்ல மாட்டணும். மெல்லிசு பைப்ல மாட்டினா சேராது, பயப்படாதீங்க. டின்னை நேரா பிடிங்க, கவுத்துடாதீங்க. எஞ்சினைப் போட்டு, ஏசியை முழுசா வச்சு, ஃபேனையும் முழுசா வச்சு, நாலு கதவையும் நல்லாத் தொறந்து வச்சுட்டு ஆரம்பிங்க. முள்ளு பச்சைக்குள்ள வந்தா நிறுத்திடணும். சிவப்புக்குப் போச்சுன்னா ஒரு பொட்டுக்கூட ஏத்தக் கூடாது. கம்ப்ரஸர் போயிடும்."

"திரும்ப ஒழுகிடுமா?"

"மெல்ல மெல்லப் போன கேஸ்னா இந்தக் கோடையைத் தாங்கும். பெரிய ஓட்டையா இருந்தா நாளைக்குக் காலையிலேயே காட்டிக் குடுத்துடும். கைக்கு கிளவுஸ் போடுங்க. தோல்ல பட்டா பனிக்கட்டி மாதிரி பொசுக்கிடும்."

"கிளவுஸ் இருக்குங்க. ரோஜா முள்ளுக்குப் போடறது."

வீட்டுக்கு வந்ததும் கணவரை நாற்காலியோடு போர்ட்டிகோ நிழலுக்குத் தள்ளி வந்து, ஈரத்துண்டைத் தலையில் போட்டாள். வீட்டுக்குள் தனியாக விட அவளுக்குப் பயம். இரண்டடி தள்ளி கார் நின்றது.

"ஏங்க, உங்க வண்டியில கை வைக்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் திறக்கிற பிடி எங்கே என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. பெட்ரோல் மூடி திறந்தது, டிக்கி திறந்தது, வைப்பர் இரண்டு தடவை ஆடிக் காட்டியது. கடைசியில்தான் பானெட் வாயைத் திறந்தது. உள்ளே பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. இத்தனை குழாய்களையா இத்தனை வருஷம் இந்த மனிதர் தனியாகப் பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார்? தடித்த குழாயைத் தேடி, தூசு துடைத்து, அதிலிருந்த குட்டி மூடியைத் திருகி எடுத்தாள். டியூபின் முனை 'க்ளிக்' என்று உட்கார்ந்துகொண்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

எஞ்சின் ஓடியது. ஏசியை முழுசாக வைத்தாள், ஃபேனை முழுசாக வைத்தாள், நாலு கதவையும் விரியத் திறந்தாள். கடைக்காரர் சொன்னபடி எல்லாம் சரி. அதன் பிறகுதான் அவளுடைய இருபத்தேழு வருஷம் அவளை அறியாமலே வேலை செய்ய ஆரம்பித்தது. டின்னை எடுக்கப் போகும்போது ஒரு கதவு மூடிக்கொண்டது. துணி எடுக்கப் போகும்போது இன்னொன்று. அந்தப் பக்கம் சுற்றி வந்தபோது மற்ற இரண்டும். நடுவில் ஒரு தடவை உள்ளே கை விட்டுக் குளிர் வருகிறதா என்று தொட்டுப் பார்த்தவள், இவ்வளவு காற்று எதற்கு என்று ஃபேனையும் சின்னதாக்கி வைத்துவிட்டு வந்தாள். செய்தது கையும் இடுப்பும். அவள் மனசு அப்போது நாலு மணி நேரத்துக்கு அப்பாலிருந்த ஒரு காலிப் படுக்கையின் வெள்ளை விரிப்பை நீவிக்கொண்டிருந்தது.

மீட்டரைப் பார்த்தாள். முள் கீழே இருந்தது. டின்னின் வால்வைத் திருகி, குழந்தைக்குப் பாலாடை பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முள் துள்ளி எழுந்து நேராகச் சிவப்புக்குப் போய் நின்றது.

பதறிப்போய் வால்வை மூடினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்'. முள் இறங்கியது. திறந்தாள். மறுபடி 'டக்', மறுபடி சிவப்பு. டின்னை ஆட்டிப் பார்த்தால் அப்படியே கனத்தது. ஒரு பொட்டு ஏறவில்லை, அதற்குள் சிவப்பா? ஏசித் துவாரத்தில் கை வைத்தாள். காய்ச்சல்காரனின் மூச்சு மாதிரி வந்தது.

அரை மணி நேரம் இப்படியே போராடினாள். வெயிலில் தெருவே ஆவியாகி அசைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவர் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிந்தது. எல்லாம் நீரில் மிதக்கிற அந்த வெளிச்சத்தில் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி கேட்டது.

வேறொரு ஊரில் வேலையில் இருந்த மகள் போனில் வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"சிவப்பு காட்டுதுடி. கம்ப்ரஸரையே கொன்னுட்டேன் போல."

"அம்மா, நீ அழறியா?"

"வேர்வைடி."

"போதும்மா. நீயும் மனுஷிதானே? அங்க போன் பண்ணி வரலைன்னு சொல்லிடு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா வருஷம் தாண்டிடும்."

"தெரியும்மா" என்றாள் மகள்.  இரண்டு பேரும் போனை வைத்தார்கள்.

அவள் பானெட்டில் சாய்ந்து நின்று பயிற்சி மருத்துவமனையின் எண்ணை அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லி ஒரு சங்கீதம் ஓட ஆரம்பித்தது. வரலைங்க, படுக்கையை வேறு யாருக்காவது குடுத்துடுங்க. இதைச் சொல்லத்தான் வேண்டும். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை, அவர் உள்ளே இருக்கும் வீட்டை வெளியிலிருந்து தானே பூட்டுவது போலிருந்தது.

அப்போதுதான் தரையில் ரப்பர் தேய்கிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். சக்கர நாற்காலி நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் தள்ளவில்லை. அவர் இடது காலை மிதிபலகையிலிருந்து இறக்கி, தரையை உந்தி உந்தி, இடது கையால் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக் காரை நோக்கி வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்த ஈரத்துண்டு தோளில் சரிந்து தொங்கியது. முகமெல்லாம் வியர்வை. எட்டு மாதமாக அணைந்து கிடந்த கண்களில் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

காரை எட்டியதும் கைப்பிடியை இழுத்தார். பின் கதவு திறந்தது.

"ஏங்க, ஏங்க, விழுந்துடுவீங்க" என்று போனைக் காதில் வைத்தபடியே அவள் ஓடி வந்தாள். அவரைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். திரும்பும்போது அவளுடைய இடுப்பு கதவை மூடியது.

அவர் மறுபடி திறந்தார்.

"உள்ள ஏறணுமா? இப்போ வேணாங்க, உள்ள கொதிக்குது" என்றாள். இடுப்பு மறுபடி மூடியது.

அவருடைய தொண்டையில் ஏதோ உருண்டது. தாடை கோணியது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. எட்டு மாத மௌனம் ஒரு பெரிய கல்லாக வழியை அடைத்து நிற்க, அதைக் கோபம் ஒன்று பின்னாலிருந்து முட்டித் தள்ளியது.

"லூ... சு."

காதில் சங்கீதம் ஓடிக்கொண்டே இருந்தது. 

எந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ, எந்தெந்த வார்த்தைகளைக் கனவில் கேட்டுச் சொம்போடு எழுந்து நின்றாளோ, அவற்றில் ஒன்றுகூட இது இல்லை. சாவியைத் தொலைத்தால் அவர் சொல்வது இது. சாம்பாரில் உப்பைப் போட மறந்தால் சொல்வது. கல்யாணமான புதிதில் முதல் தடவை அவர் இதைச் சொன்னபோது மூன்று நாள் பேசாமல் இருந்தாள். இப்போது உலகத்துச் சங்கீதத்தையெல்லாம் நிறுத்திவிட்டு இந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவை திட்டுங்க."

அவர் திட்டவில்லை. மூன்றாவது தடவையாகக் கதவைத் திறந்து, அது மூடாதபடி நாற்காலியின் சக்கரத்தை நடுவில் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் இடது கையை நீட்டி மற்ற மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். நாலு கதவையும் திறந்தது நினைவிருந்தது. மூடியது யார்? அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மறுபடி கையை நீட்டினார், உள்ளே, ஃபேன் திருகும் இடத்துக்கு. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். முழுசாக வை என்று அர்த்தம். காரை மூடி, காற்றையும் குறைத்து வைத்ததால், உள்ளே இருக்கிற ஏசிக் குழாய் மட்டும் சட்டென்று குளிர்ந்துவிட, கம்ப்ரஸர் தன் வேலை முடிந்ததென்று நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. நிற்கும்போதெல்லாம் முள் சிவப்புக்கு ஏறியிருக்கிறது. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய காது, அரை மணி நேரமாக அந்தத் தப்பைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டது.

"வணக்கம், சொல்லுங்க" என்றது போன்.

 அவள் குரலைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கு வர்றோங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

கதவுகளைத் திறந்தாள். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தாள், தன் இடுப்பின் மேல் நம்பிக்கை இல்லாமல். ஃபேன் இரைந்தது. 'டக்' என்று கம்ப்ரஸர் பிடித்தது. பிடித்தது விடவில்லை. முள் மெல்ல இறங்கி, பச்சைக்கும் கீழே போய் நின்றது. வால்வைத் திறந்தாள். கைக்குள் டின் குளிர ஆரம்பித்தது. கிளவுஸைத் தாண்டி அந்தக் குளிர் விரல்களுக்குள் ஏறியது. டின்னின் மேல் வெண்பனி பூத்தது.

அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் மூடினாள். எஞ்சினின் உறுமல் தூரத்து மழையாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, கண் திறந்தபோது அவர் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். போதும், நிறுத்து. மீட்டரைப் பார்த்தாள். முள் பச்சையின் நடுவில் நின்றது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஓடிப்போய் ஏசியைப் போட்டுப் பார்த்தாள். ஒழுகவில்லை. பத்தரை மணிக்கு, கடையின் டெலிவரி வேனை ஓட்டிப் பழகிய கையோடு, தன் கணவரின் காரைத் தெருவில் இறக்கினாள். அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். அவள் கியர் மாற்றிய விதம் பிடிக்காமல் இரண்டு தடவை உச்சுக் கொட்டினார். அவளுக்கு அது தாலாட்டாக இருந்தது.

நாலு துவாரங்களையும் அவர் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். வெளியே வயல்களும் கட்டடங்களும் மரங்களும் வெயிலில் கரைந்து கரைந்து பின்னால் போயின. அவருடைய நெற்றி வறண்டு, சில்லென்று இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அவளுடைய கழுத்தில் வியர்வை வழிந்தது. கண்ணில் இறங்கியதைத் தோளில் துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒரு கை மெல்ல நீண்டு வந்தது. நடுவிலிருந்த துவாரத்தை, தடவித் தடவி, அவள் பக்கம் திருப்பியது.

"எனக்கு வேணாங்க. உங்களுக்குத்தான் சூடு ஆகாது" என்று அவள் அதை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் இந்தப் பக்கம் திருப்பினார். அவள் அந்தப் பக்கம் திருப்பினாள். மூன்று கிலோமீட்டர் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது. எட்டு மாதத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை. கடைசியில், "சரி, உங்க இஷ்டம்" என்று அவள் தோற்றுப்போனாள்.

மூன்றேகாலுக்குப் பயிற்சி மருத்துவமனையின் வாசலில் கார் நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட ஊழியர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அந்த முப்பது வருஷ டிரைவர் இந்தத் தடவை கதவு விளிம்பைப் பிடிக்கவில்லை. இடது கையை ஊழியரிடம் நீட்டினார்.